வால் வெட்டிய கிடாரிகள்

சுல்மா தெச்செராவும் அவள் அண்ணன் எபெரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இரண்டு வருஷமாக முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நாயிடம் பேசினார்கள்.

"டேய் கப்பித்தான், பம்புல தண்ணி வரலை. உன் எஜமான்கிட்ட சொல்லு," என்பாள் சுல்மா. எஜமான் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பான்.

"வாஷர் போயிருச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு கப்பித்தான்," என்பான் அவன்.

நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். அந்த வீட்டில் எல்லாரோடும் நல்ல உறவில் இருந்தது அது ஒன்றுதான். காலையில் அடுப்பில் இரண்டு கெட்டில். மாத்தே என்கிற இலைக் கஷாயத்துக்குக் குடுவை இரண்டு, உறிஞ்சு குழல் இரண்டு. முன்பின் தெரியாதவனோடுகூட ஒரே குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சுகிற ஊரில், அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு குடுவையோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது பார்க்கிறவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும். தக்குவரெம்போ டவுனிலிருந்து ஒரு வாரம் தங்க வந்த ஒன்றுவிட்ட தங்கை இரண்டாம் நாளே பஸ் ஏறிவிட்டாள்.

சண்டைக்குக் காரணம் மரம். எபெர் பத்தொன்பது வயதில் துராஸ்னோவுக்கு ஒரு பெரிய பண்ணையில் கூலிக்குப் போனவன். நாற்பது வருஷம் அடுத்தவன் மாட்டை மேய்த்துவிட்டு, அப்பா சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, "இந்த மணல் பூமியை மரக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுடலாம். சுத்தி எல்லாரும் விட்டாச்சு. நாம மட்டும் எதுக்கு மாட்டைக் கட்டி மாரடிக்கணும்?" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் தைலமரம், வடக்கிலும் தைலமரம். பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஒலெகாரியோவின் நிலமும் இவர்கள் நிலமும்தான் புல்லாக மிச்சம் இருந்தன. ஆனால் அவன் சொன்ன நாள் சரியில்லை. சுல்மாவின் கணுக்காலில் கல்லறை மண் இன்னும் காயவில்லை. எழுந்து உள்ளே போனவள், அதற்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசவே இல்லை. அவனுக்கும் வீம்பு குறைச்சல் இல்லை. அப்பன் சொத்தில் இதை மட்டும் இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அப்படிச் சுட்டதற்குக் காரணம் வெறும் நிலம் இல்லை. அந்த நிலத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்த கன்றுகள்.

அப்பா செம்மாட்டுக்காரர். செந்நிற உடம்பு, வெள்ளை முகம், குட்டைக் கால். அதைத் தவிர வேறு மாடு உலகத்தில் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. சுல்மா ஆறு வருஷம் அவரோடு மல்லுக்கு நின்றாள். செம்மாட்டோடு கறுப்புக் காளையைச் சேர்த்தால் பிறக்கிற கிடாரிக்குப் பால் அதிகம், முரட்டுப் புல்லையும் தின்னும், அது போடுகிற கன்று பால் மறக்கும்போது செம்மாட்டுக் கன்றைவிட ஒரு சுற்றுப் பெரிதாக நிற்கும் என்று படித்ததையும் பார்த்ததையும் எடுத்துச் சொன்னாள். "கறுப்பனை உள்ள விட்டா என் மாட்டுக்கெல்லாம் முகமூடி மாட்டி விட்டுருவான்," என்பார் கிழவர். கறுப்பு உடம்பும் வெள்ளை முகமுமாகப் பிறக்கிற அந்தக் கலப்புக்கு அந்தப் பக்கத்தில் முகமூடி என்றுதான் பெயர். கடைசியில் தன் பங்குக் குதிரைகளை விற்றுக் கறுப்புக் காளையை அவளே வாங்கிக்கொண்டு வந்து விட்டாள். அடுத்த வசந்தத்தில் முகமூடிகள் பிறந்தன. கிழவர் படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அசிங்கமாத்தான் இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா நிக்குது," என்றார். அவர் வாயால் வந்த கடைசிப் பாராட்டு அதுதான்.

அந்த ஈற்றில் கிடாரிகள் முப்பத்தொன்பது. ஒன்றைக்கூட விற்காமல் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் வறட்சி. இரண்டு கோடை மழையே இல்லை. ஓடை வற்றி, அதன் அடியில் இருந்த பாறைகளுக்கெல்லாம் முதல் முறையாக வெயில் பட்டது. எல்லா மாட்டையும் வைத்துக் காப்பாற்ற முடியாது என்றான பிறகு சுல்மா செய்த காரியத்தை ஊர் இன்றைக்கும் பேசுகிறது. அப்பாவின் செம்மாடுகளை, கிழடு கட்டை என்று பார்க்காமல், ஒன்று விடாமல் விற்றுவிட்டு, இன்னும் ஒரு கன்றுகூடப் போடாத முப்பத்தொன்பது கிடாரிகளை மட்டும் வைத்துக்கொண்டாள். "கறக்கிறதை வித்துட்டு கனவை வச்சுக்கிட்டிருக்கா," என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எபெர் பிக்கப்பில் தொட்டியை ஏற்றி, பதினோரு கிலோமீட்டர் போய்த் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினான். தினமும் இரண்டு நடை. வேலையில் அவனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. அதுவே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

இந்தக் கோடையில் கிடாரிகளைக் காளையோடு விட்டார்கள். அப்போதுதான் மரக் கம்பெனிக்காரன் மறுபடியும் வந்து பேசிவிட்டுப் போனான். இனி நாயை வைத்துத் தீராது என்று தெரிந்து, பஞ்சாயத்துக்கு ஒலெகாரியோவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. இன்னொன்று அவருக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும். செவிடரை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் கத்திக் கத்தி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இலையுதிர் காலத்தில் டாக்டர் வந்து சினை பார்க்கும்போது பாதிக்கு மேல் நின்றிருந்தால் மாடு. நிற்கவில்லை என்றால் மரம்.

"பாதின்னா எத்தனை?" என்று கேட்டார் ஒலெகாரியோ.

"இருபது," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் காதில் சொன்னார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

சினை பார்க்கிற திங்கட்கிழமை காலையில் பனி இறங்கியிருந்தது. டவுனிலிருந்து வந்த டாக்டர் கிரிசெல்தா சின்ன வயசுப் பெண். இந்தப் பண்ணைக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறாள். தோள் வரைக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு, மாடுகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிற மரச்சந்தின் பின்பக்கம் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் எபெர், கையில் பெரிய கத்திரியோடு. முன்பக்கத்துக் கதவில் ஒலெகாரியோ. சுல்மாவும் கப்பித்தானும் பட்டிக்குள் இருந்து கிடாரிகளைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புழுதியில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டரின் குரல் மட்டும் கேட்டது.

"சினை."

கத்திரி சத்தம், கதவு சத்தம், குளம்பு சத்தம் எல்லாம் ஒன்றாகக் கேட்டன.

"வெறும்."

கிடாரிகளுக்குப் போடுகிற எலும்புமாவு மூட்டையின் அட்டையில் சுல்மா கரித்துண்டால் கோடு போட்டாள். இடப் பக்கம் சினை, வலப் பக்கம் வெறும்.

வால் வெட்டுவதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதச் சினை வெளியே தெரியாது. எல்லாக் கிடாரியும் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் டாக்டர் சொன்ன மாத்திரத்தில் வால் நுனிக் குஞ்சத்தை நறுக்கிவிடுவார்கள். பிறகு அரை மைல் தள்ளி நின்றுகூடப் பிரித்துவிடலாம். தெச்செரா பண்ணையில் அப்பா காலத்திலிருந்து, போகிற மாட்டின் வாலைத்தான் வெட்டுவார்கள். வெறும் மாட்டுக்கு வெட்டு, லாரிக்கு அனுப்பு. அப்பா டாக்டரை வைத்துச் சினை பார்க்க ஆரம்பித்தது எபெர் வீட்டைவிட்டுப் போய் ஏழெட்டு வருஷம் கழித்து.

கணக்கு முதலில் சுல்மாவுக்கு எதிராகப் போனது. வெறும், வெறும், வெறும் என்று வரிசையாக ஐந்து. வறட்சியில் உடம்பு தேறாத கிடாரி காளையை ஏற்காது என்று அவளுக்கும் தெரியும்; தெரிந்தும் ஒவ்வொரு கோட்டையும் அழுத்தி அழுத்திப் போட்டாள். நடுவில் நிலைமை மாறியது. முப்பத்து நான்காவது கிடாரிக்கு டாக்டர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, உள்ள தூங்கிட்டியா?" என்றான் எபெர்.

"இருங்க மாமா. இது சின்னது... சினை."

இடப் பக்கம் இருபது. சுல்மா அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு புழுதியில் அப்படியே நின்றாள். மிச்சம் இருந்த ஐந்தும் வெறும். ஆனால் இனி அது முக்கியம் இல்லை. இருபது சினை, பத்தொன்பது வெறும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டபின் எபெர் கத்திரியைத் துடைத்துக்கொண்டே அவளை நோக்கி வந்தான். ஏதோ சொல்ல வருகிறவன் போலத்தான் இருந்தது. தோற்றவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று சுல்மாவுக்கு ஒரு திமிர். கெட்ட திமிர் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் பல்லைக் கடித்தவளுக்கு வருகிற திமிர்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நாயைத் தடவினாள். "ஜெயிச்சுட்டோம்டா கப்பித்தான். சொல்லிரு, யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு."

அவன் நின்றான். பிறகு குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு பிக்கப்பை எடுத்தான். "ஊருக்குப் போறேன் கப்பித்தான். வந்து பேசிக்கறேன்," என்றான். சனிக்கிழமை வரை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் லாரிக்கார வால்தெமார் போன் பண்ணினான். "அக்கா, கறி ஆலையில நாளைக்கு ஒரு லாரிக்கு இடம் விழுந்திருக்கு. வறட்சியில எல்லாரும் மாட்டைக் கொண்டு வந்து குவிக்கிறாங்க. இதை விட்டா இனி அடுத்த மாசம்தான். வரவா?"

அடுத்த மாதம் வரைக்கும் பத்தொன்பது வெறும் மாடு தின்கிற புல், சினைக் கிடாரி தின்ன வேண்டிய புல். சுல்மா யோசித்தாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. போனில் அவன் பெயரை எடுத்துவிட்டாள். விரல் அதன்மேல் நின்றது. போனில் நாயைப் பேசச் சொல்ல முடியாது. 'டவுன்ல உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிறவனுக்கு நான் எதுக்கு போன் பண்ணணும்' என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். "வா," என்று வால்தெமாருக்குச் சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை மதியம் ஒலெகாரியோ குதிரையில் வந்து உதவினார். வால் வெட்டியதை ஒரு பக்கம், குஞ்சம் இருப்பதை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். சுல்மா எண்ணினாள். வெட்டியது இருபது இருந்தது. மறுபடி எண்ணினாள். மூன்றாவது தடவையும் இருபதுதான்.

"ஒண்ணு கூட வெட்டிட்டான் குருட்டுப் பய," என்றாள்.

"என்ன?" என்றார் ஒலெகாரியோ.

"ஒண்ணு கூட. சினை நின்ன ஒண்ணுக்கும் சேத்து வெட்டிட்டான்."

"வெறும்ங்கறே. நல்லாத் தேறித்தானே நிக்குது எல்லாம்," என்றார் அவர், கிடாரிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பக்கம் நிக்கறதுதான் எலும்பும் தோலுமா இருக்கு."

"வயித்துல சுமை இல்லாதது தின்னுட்டு மினுக்கத்தான் செய்யும் ஒலெகாரியோ. எனக்கு நீங்க மாடு சொல்லித் தராதீங்க."

அவர் காதில் அது விழுந்ததோ இல்லையோ, குதிரையைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.

எந்த ஒன்றை நிறுத்துவது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தொட்டுப் பார்க்கிற கை அவளுக்குக் கிடையாது. டாக்டரைத் திரும்பக் கூப்பிட நேரமும் இல்லை. லாரி பின்பக்கமாக வந்து, மாடு ஏற்றுகிற மேட்டில் நின்றுவிட்டது. எதையாவது ஒன்றை நிறுத்த வேண்டும் என்றால் பிடித்ததை நிறுத்துவோம் என்று நினைத்தாள். இடது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு வட்டம் விழுந்த கிடாரி ஒன்று உண்டு. வறட்சியில் அவள் கையால் ஒடித்துப்போட்ட ஓடைக்கரைத் தழையைத் தின்று வளர்ந்தது. அதை இழுத்து அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் விட்டாள். மிச்சம் பத்தொன்பதும் ஏறின. வால்தெமார் ஒவ்வொன்றின் காது வில்லையிலும் இருந்த எண்ணைக் கருவியால் பதிந்துகொண்டே வந்தான். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. சின்னதிலிருந்து அவள் குரலுக்குப் பழகின கிடாரிகள். "போங்கம்மா, போங்க," என்று சொன்னாள், ஏறிவிட்டன.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிக்கப் சத்தம் கேட்டது. சுல்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எபெர் இறங்கினான். வண்டியின் பின்னால் முள்கம்பிச் சுருள்கள் ஆறு, மாடு நக்குகிற தாது உப்பு இரண்டு மூட்டை. நாய் ஓடிப் போய்க் காலைச் சுற்றியது. அவன் நாயைப் பார்க்கவில்லை.

"சுல்மா," என்றான்.

அவள் கையில் இருந்த சட்டை கொடியில் பாதி தொங்கியது.

"கம்பெனிக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த மேனேஜர் நேத்துதான் வந்தான். அவனை நேர்ல பாத்துச் சொல்லணும்னு நாலு நாள் காத்துக்கிடந்தேன்." கம்பிச் சுருளைக் கையால் தட்டினான். "தெற்கு வேலி பூராவும் மாத்தணும். சினை மாடு தாண்டிப் போச்சுன்னா கஷ்டம். அதான் கம்பி வாங்கியாந்தேன்."

சுல்மாவுக்குச் சந்தோஷம் வந்தது. இரண்டு வருஷமாக எங்கே போயிருந்தது என்று கேட்கிற மாதிரி வந்தது.

"நான் என்னவோ நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்," என்றாள்.

"கோவம் இருந்துச்சுதான். அந்த முப்பத்து நாலாவதுக்கு டாக்டர் பொண்ணு சினைன்னு சொன்னா பாரு, அப்ப எனக்கே சந்தோஷமாப் போச்சு. ஏன்னு தெரியல. நாப்பது வருஷம் இன்னொருத்தன் மாட்டுக்குத்தான் சந்தோஷப்பட்டிருக்கேன். இது நம்ம மாடு. வந்து சொல்லலாம்னு பாத்தா நீ நாய் கழுத்தைக் கட்டிக்கிட்டு நிக்கற."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. "நானும் ஒரு வேலை முடிச்சுட்டேன் அண்ணே. வெறும் மாட்டையெல்லாம் புதன்கிழமையே ஏத்தி விட்டுட்டேன். திடீர்னு இடம் கிடைச்சுது."

"அடி சக்கை. நல்லதாப் போச்சு. வா, இருக்கறதைப் பாத்துட்டு வரலாம்."

இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். தெற்கு வேலிக்குப் பக்கத்தில் கிடாரிகள் மேய்ந்துகொண்டிருந்தன. எபெர் வேலிக்கம்பியில் கையை வைத்தான். அவன் பார்வை ஒரு வாலிலிருந்து அடுத்த வாலுக்குப் போனது. எல்லா வாலிலும் குஞ்சம் இருந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் இல்லை.

"வால் வெட்டினதெல்லாம் எந்தப் பக்கம் நிக்குது?" என்றான்.

"அதான் சொன்னேனே, புதன்கிழமை போயிருச்சு. நீ ஒண்ணு கூட வெட்டியிருந்தே. அதை நான் நிறுத்திட்டேன், அதோ நிக்குது பாரு."

அவன் திரும்பவே இல்லை. 

"சுல்மா, நான் சினையத்தான் வெட்டினேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரியக்கூடாது என்று மனசு கொஞ்ச நேரம் தடுத்துப் பார்த்தது. "வெறும் மாட்டுக்குத்தானே வெட்டுவோம்," என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

"துராஸ்னோல சினைக்குத்தான் வெட்டுவோம். வெட்டின மாட்டை யாரும் தொடக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாதுன்னு அர்த்தம். நாப்பது வருஷம் அப்படித்தான் வெட்டியிருக்கேன். வேற மாதிரி உண்டுன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவளுக்கும்தான் தோன்றவில்லை. சுல்மா பையிலிருந்து போனை எடுத்து வால்தெமாரைக் கூப்பிட்டாள். இரண்டு தரம் தப்பான பெயரை அழுத்தினாள்.

"வால்தெமார், புதன்கிழமை ஏத்தினோமே, அந்த லாட்டு..."

"அது வியாழக்கிழமை விடியறதுக்குள்ளயே முடிஞ்சுதே அக்கா." அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கினான். "எல்லாத்து வயித்துலயும் கன்னு இருந்துச்சுன்னு உள்ள இருக்கற பசங்க சொன்னாங்க. புல்லு இல்லாததால தெரிஞ்சே அனுப்பறீங்கன்னு நினைச்சேன். இந்த வருஷம் நிறையப் பேர் அப்படித்தானே அனுப்பறாங்க. ஏன்க்கா?"

அவள் போனை வைத்துவிட்டாள். வேலி மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. தானே குரல் கொடுத்து ஏற்றிவிட்டாளே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நல்லாத் தேறி நிற்கிறது என்று ஒலெகாரியோ அன்றைக்கே சொன்னார். செவிடருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

எபெர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "தப்பு என்னோடதுதான்," என்றான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான். போனைக் கையில எடுத்துட்டேன் அண்ணே. கையில எடுத்துட்டு வச்சுட்டேன்."

"நானும் கேட்டிருக்கலாம். பக்கத்துலதான் நின்னே. எதை வெட்டணும்னு நாய்கிட்டயாவது கேட்டிருக்கலாம்."

கப்பித்தான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து படுத்தது. 

"மறுபடியும் காளையோட விடலாம்," என்றான் எபெர் கடைசியில். "வர கோடையில. பதினெட்டு... இல்ல, பத்தொன்பது இருக்கே."

சுல்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இதில் கணக்குப் போட அட்டையும் கரியும் தேவையில்லை. வர கோடையில் காளையோடு விட்டால், கன்று விழ அதற்கடுத்த வசந்தம் ஆகும். அது பால் மறந்து விற்கிற பக்குவத்துக்கு வர இன்னும் ஆறு மாதம். அதுவரைக்கும் விற்பதற்கு இந்த வீட்டில் கன்று இல்லை, கிழட்டு மாடு இல்லை, குதிரை இல்லை. வறட்சியில் வாங்கின தீவனக் கடன் தனியாக நிற்கிறது. இவனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் சொல்கிறான். அந்த ஒரு பேச்சுக்காகவே அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் விட்டுப்போனது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்த மேனேஜர் சனிக்கிழமை எத்தனை மணி வரைக்கும் இருப்பான்?"

"எதுக்கு?"

"கேட்டதுக்குச் சொல்லு அண்ணே."

"பன்னெண்டு வரைக்கும்."

"இப்பப் போனா போயிரலாம்."

"பைத்தியமா உனக்கு? நீதான் ஜெயிச்சே. ஒலெகாரியோ சாட்சி. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு."

"இருபது நின்னா மாடுன்னுதானே பேச்சு. எங்க இருக்கு இருபது? எண்ணிக் காட்டு, நான் பேசாம இருக்கேன்."

அவன் எண்ணவில்லை.  பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தான்.  அவன் கை நீட்ட, அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பிக்கப்புக்குப் பக்கத்தில் வந்ததும் எபெர் பின்கதவில் கையை வைத்தான். "கம்பியை இறக்கிடவா?"

"எதுக்கு. மரம் எங்க தாண்டிப் போகப் போகுது. கடையில திருப்பிக் குடுத்துரு, எடுத்துக்குவான்."

அவன் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறி, சாவியைத் திருகினான். அவள் ஜன்னல் ஓரமாக வந்து கதவில் கையை வைத்தாள்.

"உப்பை மட்டும் இறக்கி வச்சுட்டுப் போ அண்ணே," என்றாள். "சினை ஒண்ணு இருக்குல்ல."

எபெர் இறங்கி வந்து ஒரு மூட்டையைத் தூக்கிக் கொட்டகைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். இன்னொன்றை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினான்.